விரிசலில் பிறக்கும் தூண்கள்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், டார்க்கீ முதல் அலன்ஸ்ஃபோர்டு வரை சுமார் 240 கிலோமீட்டர் நீள்கிறது கிரேட் ஓஷன் ரோடு. முதல் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய வீரர்கள் 1919-இல் வெட்டத் தொடங்கி 1932-இல் முடித்த சாலை இது. அங்கே இடப்பக்கம் ஓட்டுவார்கள் என்பதால், டார்க்கீயிலிருந்து மேற்கே போனால் வண்டி கடலை ஒட்டியே செல்லும். வியூ பாயிண்டுகளில் திரும்பி நிறுத்த எதிர்வரிசையைக் கடக்க வேண்டியதில்லை.

அப்பல்லோ பே வரை இருக்கும் கரை பெரும்பாலும் மணற்கல்லும் களிக்கல்லும். டைனோசர்கள் வாழ்ந்த காலத்தில், 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பே ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய வண்டல் அது. மழைநீர் ஊறினால் செங்குத்தான சரிவுகள் வழுக்கும். அங்கே சாலையின் ஓயாத தொல்லை மண்சரிவுதான். பெருமழைக்கு மறுநாள் கிளம்புகிறவர்கள் சாலை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டே புறப்பட வேண்டும்.

அப்பல்லோ பே தாண்டியதும் சாலை ஓட்வே மழைக்காட்டுக்குள் நுழைந்து, பிரின்ஸ்டவுன் அருகே மீண்டும் கடலைப் பார்க்கிறது. அங்கே பாறையே வேறு. அந்த வண்டலுக்கு வெகுகாலம் பின்னர், கடலடியில் சிப்பிகளும் நுண்ணுயிர்களின் ஓடுகளும் படிந்து இறுகிய சுண்ணாம்புக்கல். அலை அரிக்கும் அளவுக்கு மென்மையானது. ஆனாலும் செங்குத்தாக நிற்கும் அளவுக்கு உறுதியானது. கடலுக்குள் தனித்தனியே நிற்கும் ட்வெல்வ் அப்போஸ்டில்ஸ் (பன்னிரண்டு சீடர்கள்) தூண்கள் இந்தப் பாறையில்தான் உருவாயின.

தென்கடல் புயல்கள் எழுப்பும் அலைகள் நெடுந்தூரம் தடையின்றி உருண்டு வருகின்றன. ஆழம் குறைந்தால் அலையின் வேகமும் குறையும். நீட்டிக்கொண்டிருக்கும் பாறைமுனைக்கு முன்னால் கடல் முதலில் ஆழம் குறைவதால், அலையின் அந்தப் பகுதி மட்டும் தயங்குகிறது. இருபுறமும் உள்ள பகுதி முந்திப் போகிறது. அலை வளைந்து, முனையை மூன்று பக்கமும் சூழ்ந்து அறைகிறது. விரிகுடாவுக்குள்ளோ அதே ஆற்றல் பரவி நீர்த்துப்போகும்.

பாறையில் ஏற்கெனவே செங்குத்து விரிசல்கள் உண்டு. அலை மோதும்போது விரிசலுக்குள் சிக்கிய காற்று அழுந்துகிறது. நீர் பின்வாங்கியதும் சட்டென விரிகிறது. இப்படியே விரிசல் அகன்று குகையாகும். கடல்நீர் உலர்ந்து படியும் உப்புப் படிகங்களும், சுண்ணாம்பைக் கரைக்கும் மழைநீரும் கூடவே வேலை செய்கின்றன. முனையின் இருபுறக் குகைகளும் சந்தித்தால் வளைவு. வளைவின் கூரை விழுந்தால் தனித்தூண்.

தூணின் அடி ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் அரிக்கப்படுவதாகக் கணக்கிடுகிறார்கள். இந்த எண்ணை வைத்து, தூண் மெதுவாகத் தேய்ந்து மறையும் என்று நினைப்பது தவறு. அடி குறுகக் குறுக மேலுள்ள பாரம் தாங்காமல், ஒரு நொடியில் மொத்தமாகச் சரியும். பெயரில் பன்னிரண்டு இருந்தாலும், 2005-இன் தொடக்கத்தில் அங்கே நின்றவை ஒன்பது. அவற்றில் சுமார் 50 மீட்டர் உயரமான ஒன்று அந்த ஆண்டு ஜூலை 3 அன்று சில நொடிகளில் கற்குவியலானது. அதே கரையில் லண்டன் பிரிட்ஜ் என்ற இரட்டைப் பாறை வளைவில் கரையோடு இணைந்த பகுதி 1990 ஜனவரியில் விழுந்தபோது, வெளிப்பக்கம் நின்ற இருவர் கடலுக்கு நடுவே மாட்டிக்கொண்டார்கள். ஹெலிகாப்டர்தான் அவர்களை மீட்டது.

ஆகவே தூண்களுக்கு அருகே குன்றிலிருந்து கடற்கரைக்குப் போகும் கிப்சன் படிகளில் இறங்கி மணலில் நடப்பவர்கள் குன்றின் நிழலில் உட்காரக் கூடாது. அலை பெரிதாக இருக்கும் நாளில் கீழே இறங்கவே வேண்டாம். தப்பி ஏற இருப்பது அந்தப் படிகள் மட்டுமே. மேலே உள்ள பார்வை மேடையிலிருந்து பார்க்கும்போது தூண்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பக்கத்துப் பாறைமுனையின் குறுக்கே மேலிருந்து கீழாக ஓடும் இருண்ட கோடுகளையும் தேடுங்கள். கரையிலிருந்து அடுத்த தூண் பிரியப்போவது அப்படியொரு கோட்டின் வழியாகத்தான்.