காணாமல் போன காமா

1952. வாஷிங்டனில் உள்ள வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனை. எட்டு வயதுப் பையன் ஒருவனுக்கு ரத்தத்தில் திரும்பத் திரும்பக் கிருமித் தொற்று. மருந்து கொடுத்தால் குணமாகிறது, கொஞ்ச நாளில் மறுபடி காய்ச்சல். குழந்தை மருத்துவர் ஆக்டன் புரூட்டன் அவனுடைய சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்ப்பகுதி) எலக்ட்ரோபோரெசிஸ் சோதனைக்கு அனுப்பினார். மின்புலத்தில் ரத்தப் புரதங்கள் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும்: ஆல்புமின், ஆல்ஃபா, பீட்டா, கடைசியில் காமா. பையனின் சீரத்தில் காமா இருக்கவேண்டிய இடம் காலி.

கிருமிகளை எதிர்க்க உடல் தயாரிக்கும் புரதங்களான ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை அந்தக் காமா பகுதியில்தான் இருக்கின்றன. வெளியிலிருந்து அந்தக் காமா புரதத்தை, அதாவது காமா குளோபுலினை, ஊசியில் ஏற்றத் தொடங்கியதும் தொற்று நின்றது. குறைபாட்டுக்குக் காரணமான ஜீன் எது என்பது 1993இல் தெரியவந்தது. அது இருப்பது எக்ஸ் குரோமோசோமில். இந்த நோய் பெரும்பாலும் ஆண் குழந்தைகளுக்கே வருவது அதனால்தான்.

இன்று லேப்களில் ஆன்டிபாடிகளை ஐஜிஜி, ஐஜிஏ, ஐஜிஎம் என்று வகை பிரித்தே அளக்கிறார்கள். ஆன்டிபாடியைப் பிடிக்க இன்னொரு ஆன்டிபாடி! நம் ஐஜிஜியைக் குறிவைத்து விலங்குகளில் தயாரித்த ஆன்டிபாடியை, நீர்த்த சீரத்தில் கலக்கிறார்கள். இரண்டும் கோத்துக்கொண்டு நுண்ணிய திரள்களாகின்றன, திரவம் கலங்குகிறது. அதற்குள் ஒளியைப் பாய்ச்சி, எவ்வளவு சிதறுகிறது என்று கருவி பார்க்கிறது. கலங்கல் கூடினால் ஐஜிஜி கூடுதல். பெரியவர்களுக்கு ஒரு டெசிலிட்டரில் ஏறக்குறைய 700 முதல் 1600 மில்லிகிராம் வரை இயல்பு. குழந்தைகளுக்கு வயதுக்கேற்ற அளவுகோல் வேறு. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் இருக்கும் ஐஜிஜி நஞ்சுக்கொடி வழியே வந்த தாயின் சொத்து, சில மாதங்களில் கரைந்துவிடும்.

ஆனால் மொத்த அளவை மட்டும் வைத்து 'இம்யூனிட்டி நன்றாக இருக்கிறது' என்று சொல்வது, சாவிக்கொத்தை எடைபோட்டுவிட்டு எல்லாப் பூட்டும் திறக்கும் என்பது போல. மைலோமா என்ற புற்றுநோயில் ஒரே வகை ஆன்டிபாடி மலையாகக் குவியும். எண் எகிறும், உருப்படியான ஆன்டிபாடிகளோ குறைந்து கிடக்கும்.

ஆகவே சந்தேகம் வந்தால் மருத்துவர்கள் உடலுக்கே ஒரு பரீட்சை வைக்கிறார்கள். முதலில் ரத்தம் எடுத்து, நிமோனியா போன்றவற்றைத் தரும் நிமோகாக்கஸ் கிருமிக்கான தடுப்பூசி போட்டு, சுமார் நான்கு வாரம் கழித்து மறுபடி ரத்தம். அந்தக் கிருமிக்கான ஆன்டிபாடி போதிய அளவு ஏறியிருந்தால் தயாரிப்பு நடக்கிறது என்று அர்த்தம். ஏறவில்லையென்றால், மொத்த ஐஜிஜி ஓரளவு சரியாக இருந்தாலும் சிக்கல் இருக்கலாம்.

எண் இறங்கினாலே பயப்படவும் வேண்டாம். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுவதும் போட்டு ஒன்றிரண்டு மாதத்தில் பார்க்கையில், அதற்கான ஆன்டிபாடி ஒரு மில்லிலிட்டருக்கு 10 மில்லி யூனிட் இருந்தால் பாதுகாப்பு உண்டு என்று கணக்கு. சில ஆண்டுகளில் அது பத்துக்குக் கீழே போகலாம். கிருமியை நினைவில் வைத்திருந்து, தேவைப்பட்டால் மறுபடி ஆன்டிபாடி தயாரிக்கும் நினைவு செல்கள் மிஞ்சியிருப்பதால், ஆரோக்கியமானவர்களுக்கு அதற்காக மறுபடி ஊசி தேவைப்படுவதில்லை. அந்தச் செல்களை இந்தச் சோதனை எண்ணுவதே இல்லை.

முழு உடல் பரிசோதனைப் பட்டியலில் ஆசைக்குச் சேர்த்துக்கொள்ளும் சோதனை இல்லை இது. நிமோனியா, சைனஸ், காதில் சீழ் என்று அடிக்கடி வந்தபடி இருந்தால் மருத்துவரே எழுதித் தருவார்.