‘எக்ஸிகியூட்டிவ் ஜர்னல்’ என்றால் என்ன? தமிழில் எப்படிச் சொல்வது?

அமெரிக்க வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்கள் தடுக்கி விழும் சொற்களில் ஒன்று ‘எக்ஸிகியூட்டிவ் ஜர்னல்’. ‘நிர்வாக இதழ்’ என்று எழுதினால், மாதாமாதம் அச்சாகி வரும் பத்திரிகை என்று வாசகர் நினைத்துக்கொள்வார். சரி, ‘ஆளுநரின் நாட்குறிப்பு’ என்று எழுதலாமா? அதுவும் பொருந்தாது. நாட்குறிப்பு என்றதும் நம் நினைவுக்கு வருகிறவர் புதுச்சேரி ஆனந்தரங்கம் பிள்ளை. டூப்ளே என்ற ஆளுநருக்கு மிக நெருக்கமாக இருந்தும், தாம் கண்டதையும் கேட்டதையும் தம் பொறுப்பில் எழுதிவைத்தவர் அவர். எக்ஸிகியூட்டிவ் ஜர்னல் அப்படிப்பட்டதல்ல. அது ஆளுநரின் ஆணைகளையும் நடவடிக்கைகளையும் நாள்வாரியாகப் பதிகிற அரசின் ஏடு. சட்டப்படி அதை எழுதி வைக்க வேண்டியவர் ஆளுநர்கூட இல்லை.

1787 ஜூலை 13 அன்று அமெரிக்கக் காங்கிரஸ் ஒரு சட்டம் இயற்றியது. ஓஹியோ ஆற்றுக்கு வடமேற்கே கிடந்த எல்லைப்புற நிலத்தை எப்படி ஆள்வது என்பது அதில் இருக்கிறது. அங்கே ஒரு ஆளுநர், ஒரு செயலர், மூன்று நீதிபதிகள். அடிமையல்லாத, வயதுவந்த ஆண்கள் 5,000 பேர் சேரும் வரை சட்டமன்றம் கிடையாது. ஷெரீப், உள்ளூர் நீதிபதி, குடிப்படை அதிகாரி என்று யாரை எங்கே அமர்த்துவது, எந்த நிலத்தை எந்த மாவட்டமாக்குவது எல்லாம் ஆளுநர் கையில். இந்த ஆளுநர் செய்கிற ஒவ்வொன்றையும் எழுதிக் காக்க வேண்டிய கடமையைச் சட்டம் செயலரிடம் கொடுத்தது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அதன் மெய்யான படியை (நகலை) எடுத்துக் காங்கிரசின் செயலருக்கு அனுப்ப வேண்டும்.

எனக்கு இந்தச் சட்டத்தில் மிகவும் பிடித்த இடம் இதுதான். தேர்தலால் வராத ஓர் ஆளுநரைத் தலைநகரிலிருந்து வெகுதொலைவில் உட்கார வைத்தார்கள். பக்கத்திலேயே அவர் கையெழுத்திட்டதை எல்லாம் பதிகிற ஒருவரையும் வைத்தார்கள். செயலர் பதவிக்கு வருகிறவருக்கு அந்தப் பகுதியிலேயே 500 ஏக்கர் சொந்த நிலம் இருக்க வேண்டும், ஆளுநருக்கு 1,000 ஏக்கர்.

முதல் ஆளுநர் ஆர்தர் செயின்ட் கிளேர். 1788 ஜூலையில் மரியெட்டாவில் பொறுப்பேற்று, அந்த மாதமே வாஷிங்டன் மாவட்டத்தைப் பிரகடனம் செய்தார். அவருடைய செயலர் வின்த்ரோப் சார்ஜென்ட். ஆளுநர் இல்லாதபோது செயலரே ஆளுநர் வேலையைப் பார்க்க வேண்டும் என்று 1789-இல் சட்டம் வந்தது. 1796-இல் பிரிட்டிஷார் டெட்ராய்ட்டை விட்டுப் போனபோது, அங்கே வெய்ன் மாவட்டத்தை உருவாக்கியவர் சார்ஜென்ட்தான். அப்போது செய்கிறவரும் பதிகிறவரும் ஒருவரே. அப்புறம் 1798-இல், இன்னும் மாநிலமாகாத மிசிசிப்பி ஆட்சிப்பகுதி பிறந்தது. சார்ஜென்ட் அதன் முதல் ஆளுநராகி அதன் தலைநகரான நாச்செஸ் போய்ச் சேர்ந்தார். பத்து ஆண்டு இன்னொருவரின் ஆணைகளைப் பதிந்தவரின் ஆணைகள் இப்போது ஏட்டில் ஏறின. அவருக்குப் பின் ஆளுநராக வந்த கிளெய்பார்னின் ஏட்டோடு சேர்ந்து அவை 1905-இல் அச்சில் வந்தன.

இனி சொல்லைப் பார்ப்போம். லத்தீனில் ‘தியேஸ்’ என்றால் நாள். அதிலிருந்து ‘தியூர்னாலிஸ்’, அதாவது நாளுக்குரியது. பழைய பிரெஞ்சில் அது ‘ஜூர்னல்’ ஆகி ஆங்கிலத்துக்குப் போனது. ஆங்கிலத்தில் முதலில் பகல்நேர வழிபாட்டு நூலுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு வணிகர் கணக்கேடு, பயணக் குறிப்பு, அவை நடவடிக்கைப் பதிவு, கடைசியில்தான் பத்திரிகை. நாம் ‘இதழ்’ என்று மொழிபெயர்ப்பது இந்தக் கடைசிப் பொருளை மட்டும். ‘எக்ஸிகியூட்டிவ்’ என்பதன் வேர் பின்தொடர்ந்து முடித்தல். ஆணையைச் செயலாக்குதல் என்று விரிந்தது.

நாளுக்கு நாள், வரிசை மாறாமல் பதியும் ஏட்டுக்குத் தமிழில் சொல் இல்லாமலா போகும்? நம் வணிகர்கள் ‘நாள்வழி’ என்று எழுதினார்கள். அன்றன்றைய வரவு செலவு நாள்வழியில் ஏறும், அதிலிருந்து பிரித்துப் பேரேட்டுக்குப் போகும். ‘ஜர்னல்’ எந்த வழியில் வளர்ந்ததோ, ஏறக்குறைய அதே வழியில் நாள் என்ற வேரிலிருந்து வளர்ந்த சொல். கணக்கியல் பாடநூல்கள் ‘குறிப்பேடு’ என்கின்றன. எனக்கு நாள்வழியே நெருக்கமாகப் படுகிறது, ஏனென்றால் நாளும் வரிசையும் அதற்குள்ளேயே இருக்கின்றன.

அரசாணைப் பதிவும் நமக்குப் புதிதல்ல. சோழர் கல்வெட்டுகளில் அரசன் வாய்மொழியாகச் சொன்னதைக் கேட்பது ‘திருவாய்க்கேள்வி’, அதை ஓலையில் எழுதுகிறவர் ‘திருமந்திர ஓலை’, பதிவேட்டில் ஏற்றுவது ‘வரியிலிடுதல்’. சார்ஜென்டை ‘திருமந்திர ஓலை’ என்று அழைக்க முடியாது, அது மன்னராட்சிக்கு உரிய பெயர். ஆனால் ‘வரியிலிடுதல்’ என்ற வினையை இன்றும் தாராளமாக எடுத்தாளலாம்.

ஆகவே ‘எக்ஸிகியூட்டிவ் ஜர்னல்’ என்பதற்கு ‘ஆட்சி நாள்வழி’ என்பேன். ஆளுநரைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘ஆளுநர் நாள்வழி’. இதனோடு சேர்ந்தே வரும் ‘லெட்டர் புக்’ அனுப்பிய கடிதங்களின் படிகளை எழுதிவைக்கும் ஏடு; அதற்குக் ‘கடிதப் படியேடு’ போதும். வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “வெய்ன் மாவட்டப் பிரகடனத்தைச் செயலர் ஆட்சி நாள்வழியில் வரியிலிட்டு, ஆறு மாதப் படியில் சேர்த்து அனுப்பினார்.”