நிறம் வேறு என்றால் களவு என்று அர்த்தமில்லை

இந்த மாதத்தில் இதே முறைப்பாட்டோடு வந்தவர்களில் இவர் மூன்றாவது ஆள். வெள்ளவத்தைத் தம்பி ஒருவர் தகப்பனின் 1960களின் ஒமேகா மணிக்கூட்டை என் மேசையில் வைத்தார். “அண்ணை, உள்ளுக்குள்ள சாமான் எல்லாம் வேற வேற நிறம். சேர்விஸ் செய்த பாஸ் ஒறிஜினலைக் கழற்றி எடுத்திட்டார்.” மணிக்கூடு திருத்தும் அந்த பாஸுக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய கடை வாசலில் நின்று அவரை ஏசிவிட்டும் வந்திருக்கிறார் தம்பி.

திறந்து பார்த்தேன். ஒரு சாமானும் மாறவில்லை.

மணிக்கூட்டின் உள்ளே ஓடும் மெஷின் முழுவதும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? அது ஒரே உலோகத்தில் வார்த்த பொம்மையா? அந்தக் கால ஒமேகாவின் பிரிட்ஜ்களுக்கு, அதாவது சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடுகளுக்கு, செம்புநிற முலாம். சக்கரங்கள் பித்தளை, அதனால் மஞ்சள். திருகுகளும் அச்சுகளும் உருக்கு, அவை வெள்ளை. இங்குமங்கும் ஆடும் பாலன்ஸ் சக்கரம் பெரிலியம் கலந்த செம்பு, பொன்போல மின்னும். அச்சுகளைத் தாங்கும் கற்கள் செயற்கை மாணிக்கம், இளஞ்சிவப்பு. சில மெஷின்களில் திருகு நீலமாக இருக்கும். சாயமில்லை, உருக்கை ஏறக்குறைய 300 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கினால் வரும் நிறம். பழைய ரோலெக்ஸ் 1570 மெஷினில் இரண்டு சக்கரங்கள் சிவப்பாகவே இருக்கும். அதையும் களவு என்பீர்களா?

பார்க்க வேண்டியது பிரிட்ஜ்களை. அவை நிறத்தில் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஒன்று செம்பு, அடுத்தது வெள்ளி என்றால் அநேகமாக வேறு மெஷினிலிருந்து வந்தது. ஒரே நிறம் சற்று மங்கியிருந்தால் அது விரல் வியர்வை, கொழும்புக் கடற்காற்று, அல்லது அமோனியா கலந்த கழுவுநீரில் கூடுதல் நேரம் ஊறியது. வேறு மெஷினின் சாமானைப் போடுவதும் குற்றமில்லை. பல பழைய மெஷின்களுக்குப் புதுச் சாமான் இப்போது செய்வதில்லை. சொல்லாமல் போடுவதுதான் தப்பு.

இதைவிட மோசம், நிறத்தைச் சமப்படுத்தப் பொலிஷ் போடுவதும் முலாம் பூசுவதும். போன மாதம் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒன்று வந்தது. தேய்த்ததில் பிரிட்ஜில் வெட்டியிருந்த இலக்கம் பாதி அழிந்துவிட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர என்னால் முடியாது. தயவுசெய்து வேண்டாம்.

சேர்விஸுக்குக் கொடுக்க முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, படம் எடுங்கள், இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மாற்றிய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். நல்ல பாஸ் கோபிக்க மாட்டார். வீட்டில் கத்தியால் திறக்கவே திறக்காதீர்கள். அப்புறம், புறக்கோட்டையில் பழைய மணிக்கூடு வாங்கப் போனால், திறந்து காட்ட மறுப்பவரிடம் வாங்க வேண்டாம்.

அந்தத் தம்பியை முதலில் அந்த ஐயாவிடம் போய் மன்னிப்புக் கேட்கச் சொல்லி அனுப்பினேன்.