வெற்றுக் கடவுச்சொல்லுக்கு என்ன பதில்?

அலுவலகக் கணினிக்குப் போடும் கடவுச்சொல்லே மின்னஞ்சலுக்கும், வைஃபைக்கும், விடுப்பு விண்ணப்பத்துக்கும் செல்லுபடியாகிறது என்றால், பின்னால் பெரும்பாலும் ஒரு டைரக்டரி சர்வர் இருக்கும். 'இவர் யார், சொன்ன கடவுச்சொல் சரியா?' என்று எல்லா மென்பொருள்களும் அதனிடம்தான் கேட்கின்றன. அப்படிக் கேட்க உதவும் நெறிமுறைகளில் முக்கியமானது எல்டாப் (LDAP).

டைரக்டரிகளுக்காக 1988-இல் வந்த எக்ஸ்.500 தரநிலை அன்றைய மேசைக் கணினிகளுக்குப் பெரிய சுமை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டிம் ஹவ்ஸும் சிலரும் சேர்ந்து, இணையத்தின் அடிப்படை நெறிமுறையான டிசிபி மேல் நேரடியாக ஓடும் எளிய வடிவத்தை 1993-இல் வெளியிட்டார்கள். அதுதான் எல்டாப்.

உள்ளே தகவல்கள் மரம்போலக் கிளைவிட்டு இருக்கும். ஒவ்வொரு பதிவின் முழுப்பெயரும் அஞ்சலுறை முகவரி மாதிரி, ஆளில் தொடங்கி, பிரிவைத் தொட்டு, நிறுவனத்தில் முடியும். அந்தப் பெயரையும் கடவுச்சொல்லையும் அனுப்புவதற்கு 'பைண்ட்' என்று பெயர். சர்வர் ஓர் எண்ணைத் திருப்பித் தரும்: 0 என்றால் சரி, 49 என்றால் பெயரோ கடவுச்சொல்லோ தவறு.

இந்தச் சரிபார்ப்பு ஒழுங்காக நடக்கிறதா என்று சோதிக்க, பைதான் மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் போதும். சரியான கடவுச்சொல்லுக்கு 0, தவறானதற்கு 49 வருகிறதா என்று பார்ப்பதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஆபத்து அதற்கு அப்புறம்தான். பெயரைக் கொடுத்து, கடவுச்சொல்லை வெறுமையாக விட்டால்? நெறிமுறைப்படி அது அடையாளம் சொல்லாமல் நுழையும் முயற்சி. சில சர்வர்கள் அதற்கும் 0 தரும். 0-ஐ மட்டும் பார்க்கும் மென்பொருள், மேலாளரின் பெயரை அடித்த யாரையும் மேலாளராகவே உள்ளே விட்டுவிடும்! வெற்றுக் கடவுச்சொல்லை மறுப்பதே சர்வரின் இயல்பாக இருக்க வேண்டும் என்று எல்டாப்பின் பாதுகாப்பு பற்றிய 2006-இன் தரநிலை ஆவணமான ஆர்எஃப்சி 4513 சொல்கிறது. ஆனாலும் அதை நம்பி இருந்துவிடக் கூடாது.

இங்கே ஒரு நுணுக்கம். பைதானுக்கான எல்டாப்3 நூலகம் (ஆயத்த நிரல்தொகுப்பு) வெற்றுக் கடவுச்சொல்லை அனுப்பாமலே பிழை காட்டி நின்றுவிடும். சர்வர்தான் மறுத்தது என்று நினைத்துவிடுவோம். அதனால் இந்தச் சோதனையை மென்பொருளின் உள்நுழைவுப் பக்கம் வழியாகவே செய்ய வேண்டும். கூடவே பெயர் கேட்கும் இடத்தில் ஒரு நட்சத்திரக் குறியையும் அடித்துப் பாருங்கள். எல்டாப் தேடலில் அதற்கு 'எதுவானாலும் சரி' என்று பொருள். அதை \2a என்ற குறியீடாக மாற்றாமல் அனுப்பினால் எல்லோருடைய பதிவும் வந்து நிற்கலாம்.

இதையெல்லாம் ஓப்பன்எல்டாப் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு தனியாக நிறுவிய சர்வரில் செய்வதே நல்லது. நடப்பில் உள்ள சர்வரில் ஸ்கிரிப்ட் திரும்பத் திரும்ப 49 வாங்கினால், யாரோ ஒருவரின் உண்மையான கணக்கு பூட்டிக்கொள்ளக்கூடும்.