ஹீத்லேண்ட்னா தரிசு இல்ல, புதர்வெளி

தம்பி மக ஸ்கூல் நேச்சர் கிளப்புக்கு ஒரு சார்ட் எழுதிட்டு வந்து காட்டுனா, லேடிபேர்டு ஸ்பைடர் பத்தி, படம் அவ்வளவு அழகா வரைஞ்சிருக்கா, ஆனா கீழ "இது இங்கிலாந்தின் தரிசு நிலங்களில் வாழ்கிறது"ன்னு ஒரு வரி. ஹீத்லேண்டுங்கறதத்தான் தரிசுன்னு எழுதியிருக்கா, அந்த ஒரு சொல்ல மட்டும் மாத்திரும்மான்னேன். ஏன் பெரியப்பா, டிக்‌ஷனரி பாத்துத்தான் எழுதுனேன்னா.

ஹீத்ங்கறது பழைய இங்கிலீஷ் சொல்லு, உழவு படாத திறந்த வெளின்னு அர்த்தம், ஜெர்மன்ல "ஹைடெ"ன்னு சொல்வாங்க. மணல் பாங்கான சத்தில்லாத மண்ணு, அதுல முழங்கால் உசரத்துக்கு ஊதாப்பூ பூக்குற ஹீதர் செடி. மரத்த வெட்டி, ஆடுமாடு மேய்ச்சு, பல ஆயிரம் வருசமா மனுசங்க கைபட்டு உருவான நிலம் அது. மேய்ச்சல் நின்னுபோச்சுன்னா பைன் மரம் முளைச்சு மூடிரும்.

தரிசுங்கறது வெள்ளாம வைக்காம கிடக்குற நிலத்துக்கு விவசாயியும் ரெவின்யூ ஆளும் வச்ச பேரு, அங்க என்ன உசுரு இருக்குன்னு அந்தச் சொல்லு பாக்குறதே இல்ல. மத்திய அரசோட தரிசு நில அட்லஸ்லயே புதர்க்காடு ஒரு வகையா வருது, பேரு அப்படி விழுந்துட்டா அப்புறம் பிளாட் போட்டாலும் குவாரி வச்சாலும் யாருக்கும் உறுத்தாது. புறம்போக்கும் அதே கததான், வரிக்கணக்குக்குப் புறமா போனதுங்கறதுதான் அதோட அர்த்தமே. சரி கரடுன்னு சொல்லலாமான்னு பாத்தா நம்மூர்ல கரடுன்னா பாறை வேணும், தேரின்னா திருச்செந்தூர் பக்கத்துச் செம்மணல் மேடு. முல்லை கொஞ்சம் கிட்ட வருது, மேய்ச்சல் இருக்கறதால, ஆனா அதுல காடும் சேந்து வந்துருது. அதனால புதர்வெளின்னு சொல்றதுதான் பொருத்தம்னு எனக்குப் படுது, வேணும்னா ஹீதர்ப் புதர்வெளின்னு சேத்துக்கலாம்.

லேடிபேர்டுக்கு நம்ம விவசாயத்துறை சொல்லு பொறிவண்டு, அப்ப இது பொறிவண்டுச் சிலந்தி. ஆணு மட்டும்தான் அப்படி, செவப்பு முதுகுல நாலு கறுப்புப் பொட்டு, ஒரு சென்டிமீட்டர்கூட வராது (படத்தப் பாத்துட்டு எங்க அம்மா தம்பலப்பூச்சியான்னு கேட்டாங்க, இல்ல, அது உண்ணி வகை). மே மாச வாக்குல ஆணு பொண்ணத் தேடி வெளிய வருது. பொண்ணு கறுப்பு, மணல்ல வளை தோண்டி உள்ள நூலால மெழுகிக்கிட்டு அதுலயே கிடக்கும், குஞ்சு பொரிச்சதும் தான் தின்னத கக்கி ஊட்டும், கடைசில தன் உடம்பையே குஞ்சுகளுக்குத் தீனியாக் குடுத்துட்டு செத்துப்போகும்.

பிரிட்டன்ல இது அழிஞ்சே போச்சுன்னு பல வருசம் நெனச்சிருந்தாங்க, 1980 வாக்குல தெற்கு இங்கிலாந்துல டோர்செட்ங்கற மாவட்டத்துல திரும்பக் கண்ணுல பட்டுச்சு, 1994ல எண்ணுனப்ப ஒரே எடத்துல 56தான். வெயில் விழுற மணல் சரிவு இதுக்கு வேணும், அதனால காப்பாத்துறதுக்கு அங்க மரம் நடல, நிழல் கட்டுன மரத்த வெட்டுறாங்க! 2011ல அதே டோர்செட்ல ஆர்ன்ங்கற எடத்துல இதப் புதுசா குடியேத்துறதுக்கு, பிளாஸ்டிக் தண்ணி பாட்டில்ல பாசியும் ஹீதரும் அடைச்சு, உள்ள சிலந்திய விட்டு, அது வலை கட்டுனப்புறம் பாட்டிலோட மண்ணுல புதைச்சாங்க.

இதே குடும்பத்துச் சிலந்தி நம்ம பக்கமும் இருக்கு. மதுரைப் பக்கம் மேலூர் ரோட்டோரம் முள்ளுச்செடில சருகெல்லாம் ஒட்டி அழுக்குத்துணி மாதிரி ஒரு கூடு தொங்கும் பாருங்க, அதுல நூத்துக்கணக்குல சேந்து வாழும், அதுலயும் தாயக் குஞ்சு தின்னும். பேரு ஸ்டெகோடிஃபஸ் சரசினோரம், கூட்டுச் சிலந்தின்னு சொன்னா போதும். அதே மேலூர் பக்கத்து அரிட்டாபட்டி 2022ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலம் ஆச்சு, 193 ஹெக்டேர், அத அறிவிக்கற வரைக்கும் அந்தப் பாறையையும் புதரையும் சும்மா கிடக்குற எடம்னு சொன்னவங்கள நானே பாத்திருக்கேன்.

புள்ள சார்ட்ல தரிச அடிச்சுட்டு புதர்வெளின்னு எழுதிட்டா, பக்கத்துல சின்னதா ஒரு முள்ளுச்செடியும் கூடும் வரைஞ்சு "மேலூர்"னு போட்டிருக்கா.