கவுன்சிலர் கேட்க வேண்டிய இரண்டாவது கேள்வி

இங்கிலாந்தில் கவுன்சிலின் சிறுவர் சேவைகளைக் கண்காணிக்கும் குழு பெரும்பாலும் மாலையில்தான் கூடும். உறுப்பினர்கள் கையில் நூறு பக்கத்தைத் தொடும் ஒரு கட்டு இருக்கும். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு பூசிய அட்டவணைகள்: பச்சை என்றால் நல்ல நிலை, சிவப்பு என்றால் மோசம். "பிள்ளைகளின் தேவை பற்றிய மதிப்பீடுகளில் 95 சதவீதம் 45 வேலைநாளுக்குள் முடிந்திருக்கின்றன" என்பார் அதிகாரி. நன்றி சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். முதல் கேள்வியையும் அதற்கான பதிலையும் அதிகாரிகளே எழுதிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். கவுன்சிலரின் வேலை இரண்டாவது கேள்வியில்தான் தொடங்குகிறது.

லண்டனிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் இன்று தமிழ்க் கவுன்சிலர்கள் பலர் இருக்கிறார்கள். இந்தக் குழுக்களில் உட்காருகிறவர்களுக்கும், அவர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறவர்களுக்கும் இங்குள்ள விவரங்கள் பயன்படும்.

முதலில் பொறுப்பு யாருடையது என்பது. 1989 ஆம் ஆண்டின் சிறுவர் சட்டம் கடமையைத் தனி அதிகாரி மீது சுமத்தவில்லை, கவுன்சில் மீதே சுமத்துகிறது. உதவி தேவைப்படும் பிள்ளைக்குச் சேவை தருவது 17 ஆம் பிரிவு. பிள்ளைக்குப் பெருந்தீங்கு நேர்கிறதோ என்ற ஐயம் எழுந்தால் விசாரிப்பது 47 ஆம் பிரிவு. மாவட்டக் கவுன்சிலும் கவுண்டி கவுன்சிலும் தனித்தனியாக உள்ள ஊர்களில் இது கவுண்டியின் வேலை. லண்டனில் அந்தந்தப் பரோவின், அதாவது நகர்ப்பகுதிக் கவுன்சிலின், வேலை. 2004 ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் இந்தப் பொறுப்புள்ள ஒவ்வொரு கவுன்சிலிலும் இரண்டு பதவிகளைக் கட்டாயமாக்கியது: சிறுவர் சேவைகள் இயக்குநர், அரசியல் பொறுப்பைச் சுமக்கும் தலைமை உறுப்பினர். இவர்களைக் கேள்வி கேட்பதற்குத்தான் கண்காணிப்புக் குழு. குழு முறைப்படி எழுதி அனுப்பும் பரிந்துரைக்குக் கவுன்சில் நிர்வாகம் இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். பல குழுக்கள் இந்த அதிகாரத்தைக் கையிலெடுப்பதே இல்லை. "உறுப்பினர்கள் அறிக்கையைக் கவனத்தில் கொண்டனர்" என்று குறிப்பில் ஒரு வரி விழும், அத்தோடு சரி.

அந்த ஒரு வரி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வட இங்கிலாந்து நகரமான ரொதரம் சாட்சி. 1997 முதல் 2013 வரை அங்கு சுமார் 1,400 பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானார்கள் என்று சுயாதீன விசாரணை நடத்திய பேராசிரியர் அலெக்சிஸ் ஜேயின் அறிக்கை 2014 ஆகஸ்டில் மதிப்பிட்டது. அதையும் அவர் குறைந்தபட்ச மதிப்பாகவே சொன்னார். கவுன்சிலர்களுக்கு விஷயம் தெரியாமலும் இல்லை. 2004-05 இல் அவர்களுக்கே கருத்தரங்குகள் நடத்தி, நடப்பதை ஒளிவுமறைவின்றி விளக்கியிருந்தார்கள். அதற்குப் பிறகு யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது என்றது அறிக்கை. தகவல் வந்தும், "இதற்கு என்ன செய்தீர்கள், எத்தனை பேர் மீது நடவடிக்கை எடுத்தீர்கள், அடுத்த மாதம் எங்களிடம் என்ன கொண்டு வருவீர்கள்" என்று பின்தொடர்ந்து கேட்க ஆள் இல்லை. 2015 பெப்ரவரியில் மத்திய அரசு ஆணையர்களை அனுப்பி அந்தக் கவுன்சிலின் அதிகாரங்களைக் கையிலெடுத்தது.

பச்சை நிறத்தை நம்புவதில் உள்ள ஆபத்துக்கு வட லண்டன் பரோவான ஹாரிங்கே உதாரணம். 17 மாதக் குழந்தை பீட்டர் கானலி 2007 ஆகஸ்டில் வீட்டில் கொடுமைக்குள்ளாகி இறந்தான். அதே ஆண்டு, பள்ளிகளையும் சிறுவர் சேவைகளையும் ஆய்வுசெய்யும் ஆஃப்ஸ்டெட் அமைப்பின் வருடாந்த மதிப்பீட்டில் ஹாரிங்கேயின் சிறுவர் சேவைகளுக்குக் கிடைத்தது "நன்று" என்ற தரம். அந்த மதிப்பீடு பெரும்பாலும் கவுன்சில் அனுப்பிய தரவுகளை வைத்துச் செய்தது. மறு ஆண்டு ஆய்வாளர்கள் நேரில் போய்க் கோப்புகளைத் திறந்தபோது "போதாது" என்று எழுதினார்கள்.

எண்ணை எப்படித் திறந்து பார்ப்பது?

45 வேலைநாளையே எடுத்துக்கொள்வோம். அது உச்ச வரம்பு, இலக்கு அல்ல. முடிந்த மதிப்பீடுகள் எத்தனையாவது நாளில் முடிந்தன என்று நாள்வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். பெரும்பகுதி 41 க்கும் 45 க்கும் இடையில் குவிந்திருந்தால், பிள்ளையின் தேவையைப் பார்த்து அல்ல, கணினியின் எச்சரிக்கையைப் பார்த்துக் கோப்புகளை மூடுகிறார்கள் என்று பொருள். 95 போக மீதி 5 சதவீதம் எத்தனை பிள்ளைகள், அவர்களில் மிக நீண்ட நாள் காத்திருப்பவர் யார், ஏன் என்பதையும் கேளுங்கள். பெயர் வேண்டாம், காரணம் போதும்.

பணிச்சுமையில் சராசரி நிறையவே மறைக்கும். ஒரு அணியில் பத்துச் சமூகப் பணியாளர்கள், 170 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். அறிக்கையில் "சராசரி 17" என்று வரும். இருவர் தலா 28 பிள்ளைகளைச் சுமக்க, மற்ற எண்மரும் தலா 14 அளவில் வைத்திருந்தாலும் சராசரி அதே 17 தான். அந்த 28 இல் ஒரு பிள்ளையைத்தான் இந்த வாரம் யாரும் போய்ப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆகவே கேட்க வேண்டியது உச்ச எண். படித்து முடித்து முதல் வருடத்தில் இருக்கும் பணியாளர் எத்தனை பிள்ளைகளை வைத்திருக்கிறார், ஏஜென்சி மூலம் வந்தவர்கள் எத்தனை பேர், கடந்த 12 மாதத்தில் ஒரே பிள்ளைக்கு மூன்று தடவைக்கு மேல் பணியாளர் மாறியிருக்கிறாரா? எங்கள் கணிப்பில், இந்தக் கடைசிக் கேள்வியின் பதில் ஒரு சேவையின் நிலையைச் சொல்வதுபோல வேறெதுவும் சொல்லாது. ஒவ்வொரு முறையும் புதிய முகத்திடம் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தால், பிள்ளை சொல்வதையே நிறுத்திவிடும்.

பெருந்தீங்கு நேரும் ஆபத்தில் உள்ள பிள்ளைக்கு வகுப்பது பாதுகாப்புத் திட்டம். அதில் உள்ள பிள்ளைகளின் தொகை குறைந்தால் அது நல்ல செய்தியாகவே முன்வைக்கப்படும். உண்மையில் ஆபத்து குறைந்ததா, தலையிடுவதற்கான வாசலை உயர்த்திவிட்டார்களா? இதை அந்த எண் தனியாகச் சொல்லாது. பள்ளி, மருத்துவமனை, பொலிஸ் ஆகிய இடங்களிலிருந்து வந்த தகவல்கள் எத்தனை, அவற்றில் மேல் நடவடிக்கை இல்லை என்று மூடப்பட்டவை எத்தனை, அப்படி மூடிய பிள்ளைகளில் 12 மாதத்துக்குள் திரும்பி வந்தவர்கள் எத்தனை என்று மூன்றையும் ஒரே தாளில் கேட்க வேண்டும். விசாரணை தேவையா என்று பொலிஸ் முதலியோரோடு நடத்தும் உத்தி ஆலோசனை நடந்த நாளிலிருந்து 15 வேலைநாளுக்குள், திட்டம் வேண்டுமா என்று முடிவெடுக்கும் முதல் பாதுகாப்பு மாநாடு, அதிலிருந்து 10 வேலைநாளுக்குள் திட்டத்தை நடத்தும் மையக் குழுவின் கூட்டம், மூன்று மாதத்துக்குள் மறுபரிசீலனை. இந்தக் காலக்கெடுக்களைக் கடைப்பிடித்ததாகப் பச்சை வந்திருந்தாலும், இரண்டாவது தடவையாகத் திட்டத்துக்குள் வந்த பிள்ளைகள் கூடுகிறார்கள் என்றால் முதல் தடவை எதுவும் மாறவில்லை.

கவுன்சிலின் பராமரிப்பில் வளரும் பிள்ளைகள் இங்கிலாந்தில் 80,000 க்கு மேல் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கவுன்சிலே பெற்றோர் இடத்தில் இருக்கிறது. அதற்கான ஏழு கொள்கைகளை 2017 ஆம் ஆண்டுச் சட்டம் எழுதிவைத்தது. குழுவில் இல்லாத கவுன்சிலருக்கும் இந்தப் பொறுப்பில் பங்குண்டு. நம் பிள்ளை எங்கே தங்குகிறது, யாரோடு, பள்ளிக்குப் போகிறதா, பல் மருத்துவரைப் பார்த்ததா என்று எந்தப் பெற்றோரும் கேட்பார். அதையே இங்கும் கேட்கலாம். ஒரு வருடத்தில் மூன்று இடம் மாறியவர்கள் எத்தனை? வீட்டிலிருந்து 20 மைலுக்கு அப்பால் அனுப்பப்பட்டவர்கள் எத்தனை? இன்று இரவு பதிவில்லாத இல்லத்தில் படுக்கப்போகும் பிள்ளை யாராவது உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்குக் கூட்டத்திலேயே பதில் வர வேண்டும், "பின்னர் அனுப்புகிறோம்" என்பது போதாது. பதிவில்லாமல் சிறுவர் இல்லம் நடத்துவது சட்டத்துக்குப் புறம்பானது. சிறுவர் இல்லத்தில் ஓர் இடத்துக்கு வாரம் 5,000 பவுண்டுக்கு மேல் போவது இப்போது சாதாரணம் என்பதால், கூட்டத்தின் நேரமெல்லாம் செலவுப் பேச்சிலேயே கரைந்துவிடும். அந்தச் செலவும் குடும்பத்துக்கு முன்கூட்டியே தரும் உதவியை வெட்டியதும் தொடர்புடையவை. இரண்டையும் அடுத்தடுத்த கூட்டங்களில் தனித்தனியாகப் பேசினால் அந்தத் தொடர்பு கண்ணில் படாது.

தாளுக்கு வெளியேயும் போக வேண்டும். பராமரிப்பில் உள்ள பிள்ளைகளின் மன்றம் ஒவ்வொரு கவுன்சிலிலும் உண்டு. வருடத்துக்கு ஒரு தடவை கேக் வெட்டப் போவது போதாது. அவர்கள் போன தடவை கேட்டது என்ன, அது நடந்ததா என்று குறித்துக்கொண்டு போங்கள். சிறுவர் இல்லங்களுக்கு மாதம் ஒருமுறை சுயாதீனமான ஒருவர் போய்ப் பார்த்து அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. கவுன்சில் நடத்தும் இல்லங்களின் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வரும் குறைகளைத் தொகுத்துத் தரச் சொல்லலாம்.

இனி, தமிழ்க் கவுன்சிலர்களுக்கே உரிய ஒரு சிக்கல். கோயிலில் தெரிந்தவர், ஊர்க்காரர், யாரோ ஒருவர் இரவில் போன் எடுப்பார்: "தம்பி, சோஷல் சேர்விஸ் என்ர பிள்ளையைக் கொண்டுபோட்டாங்கள், ஒருக்காக் கதைச்சு விடுங்கோ." அவர் வேதனை உண்மை. ஆனால் அந்த அதிகாரிக்குப் போன் எடுத்துப் பேசுவதும், கோப்பைக் காட்டச் சொல்வதும் கவுன்சிலர் செய்யக் கூடாதவை. தகவல் கொடுத்தது யார் என்று தப்பித்தவறி வாயில் வந்துவிட்டால், அந்தப் பிள்ளைக்கும் தகவல் கொடுத்தவருக்கும் ஆபத்து. செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பிள்ளையைப் பராமரிப்பில் எடுக்கும் வழக்கில் பெற்றோருக்கு வருமானம் பார்க்காமலே சட்ட உதவி கிடைக்கும், அன்றைக்கே குடும்பச் சட்ட வழக்கறிஞரிடம் போகச் சொல்லுங்கள். சேவையைப் பற்றிய முறைப்பாட்டுக்கு மூன்று படிகள் உண்டு: முதற்படியில் 10 வேலைநாள், தேவைப்பட்டால் 20. இரண்டாம் படியில் சுயாதீன விசாரணை, 25 முதல் 65 வேலைநாள் வரை. மூன்றாவது மறுஆய்வுக் குழு. அதற்கு மேல், கவுன்சில்கள் மீதான முறைப்பாடுகளை விசாரிக்கும் ஒம்புட்ஸ்மன். நீதிமன்றத்தில் இருக்கும் விஷயத்தை இந்த வழியில் மாற்ற முடியாது என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். பேச்சில் பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தால், "யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காமல் அன்றே கவுன்சிலுக்கு அறிவியுங்கள்.

மொழிபெயர்ப்பாளர் விஷயத்தையும் குழுவில் கேளுங்கள். எட்டு வயது விக்டோரியா கிளிம்பியே 2000 பெப்ரவரியில் லண்டனில் கொடுமைக்குள்ளாகி இறந்தபின், அது பற்றி விசாரித்த லார்ட் லேமிங் தந்த 108 பரிந்துரைகளில் ஒன்று, ஆங்கிலம் தாய்மொழி அல்லாத பிள்ளையின் பாதுகாப்பு பற்றிப் பேசும்போது மொழிபெயர்ப்பாளர் கட்டாயம் வேண்டும் என்பது. அவள் பிரெஞ்சு பேசிய பிள்ளை. உங்கள் கவுன்சிலில் கடந்த காலாண்டில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எத்தனை தடவை அழைக்கப்பட்டார், எத்தனை தடவை குடும்பத்தார் ஒருவரே மொழிபெயர்த்தார்?

விக்டோரியாவைக் கூட்டிவந்தவர் அவள் தந்தையின் அத்தை. உறவுதான், ஆனாலும் சட்டம் சொல்லும் நெருங்கிய உறவு அல்ல. இது நம்மவர்களுக்கு நேரே பொருந்தும். அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பியும் நமக்குச் சித்தப்பாதான். இங்கிலாந்துச் சட்டத்தில் தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர், பெற்றோரின் உடன்பிறந்தோரும் அவர்களை மணந்தோரும், மாற்றாந்தாய் தந்தை ஆகியோர் மட்டுமே உறவு. வேறு யார் வீட்டிலாவது 16 வயதுக்குட்பட்ட பிள்ளை 28 நாளோ அதற்கு மேலோ தங்குவதானால் அது தனியார் வளர்ப்புப் பராமரிப்பு. மாற்றுத்திறனாளிப் பிள்ளையானால் வயது வரம்பு 18. ஆறு வாரம் முன்பே கவுன்சிலுக்கு அறிவிக்க வேண்டும். படிப்புக்காக யாழ்ப்பாணத்திலிருந்தோ பாரிஸிலிருந்தோ வந்து தங்கும் பிள்ளைக்கும் இதுதான். அறிவித்தால் பிள்ளையைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் பரவலாக உண்டு. பணியாளர் வருவது வீட்டையும் பிள்ளையையும் பார்க்க, முதல் வருடத்தில் ஆறு வாரத்துக்கு ஒரு தடவையாவது. உங்கள் பரோவில் இப்படி அறிவிக்கப்பட்டவை ஒற்றை இலக்கத்தில் இருந்தால், பிள்ளைகள் இல்லை என்று நம்புவதா, யாரும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்வதா என்று குழுவில் கேட்க வேண்டும்.

கவுன்சிலராக இல்லாதவரும் கேட்கலாம். கூட்டத்தின் தாள்கள் ஐந்து முழு வேலைநாள் முன்பே கவுன்சிலின் இணையதளத்தில் வரும். தனிப்பட்ட விவரங்கள் பேசும் பகுதி தவிர மற்றதற்குப் பொதுமக்கள் போய் உட்காரலாம். பொதுமக்கள் கேள்விக்கான விதியும் கடைசி நாளும் கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும், கூட்டங்களை ஒழுங்குசெய்யும் ஜனநாயகச் சேவைப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் போட்டால் சொல்வார்கள்.