சோற்றைக் கவரில் முடிந்து வீசாதீர்கள்

மாட்டாஸ்பத்திரிக்கு வரும் கறவை மாடுகளில் ஒரு ரகம் உண்டு. காய்ச்சல் இருக்காது, காயம் இருக்காது, மடியும் நன்றாக இருக்கும். "தீனி சரியா எடுக்கல சார், பால் பாதியாயிடுச்சு, வயிறு உப்புது, வடியுது, மறுபடி உப்புது" என்பார்கள். அதற்குள் வீட்டிலேயே வெற்றிலை, மிளகு, பூண்டு அரைத்துக் கொடுத்திருப்பார்கள். விளக்கெண்ணெயும் ஊற்றிப் பார்த்திருப்பார்கள். (தலையைத் தூக்கிப் பிடித்து ஊற்றும் எண்ணெய் புரையேறி நுரையீரலுக்குள் போனால் அது தனித் தொல்லை. தயவுசெய்து வேண்டாம்.) இடது விலாவுக்குப் பின்னால் இருக்கும் பள்ளத்தில் கையை வைத்தால், நல்ல மாட்டில் பெருவயிறு (மாட்டு வயிற்றின் நாலு அறைகளில் முதலாவது, பெரியது) இரண்டு நிமிடத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அசைந்து கையைத் தள்ளும். இந்த மாடுகளில் அந்த அசைவு மந்தமாகவே இருக்கும்.

அடுத்து நான் கேட்பது மருந்தைப் பற்றி அல்ல. "கறந்துட்டு மாட்டை எங்கே அவிழ்த்து விடுறீங்க?" தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம், பாலக்கோட்டில் கல்யாண மண்டபத்துப் பக்கம், பென்னாகரத்தில் சந்தைப் பக்கம் என்று பதில் வந்தால் பாதி விஷயம் அங்கேயே தெரிந்துவிடும்.

ஆடு உதட்டால் பொறுக்கித் தின்னும். மாடு அப்படியில்லை. நாக்கை வளைத்து, கிடைத்ததை வாரி, சும்மா ரெண்டு மென்று விழுங்கிவிடும். சாவகாசமாக அசை போடுவதெல்லாம் அப்புறம்தான். பெருவயிற்றிலிருந்து அடுத்த அறைகளுக்குப் போகும் வழியில் பொடிப்பொடியாக அரைபட்ட தீனி மட்டுமே நுழையும். தெருவில் தீனியோடு சேர்த்து விழுங்கிய பிளாஸ்டிக் கவர் அரைபடாது, செரிக்காது, அந்த வழியாக வெளியேறவும் முடியாது. ஆகவே அங்கேயே தங்கும். இன்று ஒன்று, நாளை ஒன்று என்று வருஷக்கணக்கில் சேரும். சோளத்தட்டும் கயிறும் அதோடு பின்னிக்கொள்ளும். தீனிக்கு இடம் குறையும், வாயு ஏப்பமாக வெளியேற முடியாமல் வயிறு உப்பும். 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை எடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்து மற்றவர்கள் அதிர்ந்தார்கள். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு எடைதான் புதிது.

இதற்கு மருந்து கிடையாது, அறுவைதான். மாட்டை நிற்கவைத்தே, இடது பக்கம் மயிரை மழித்து, மரத்துப்போக ஊசி போட்டு, தோலையும் சதையையும் கடந்து பெருவயிற்றைத் திறந்து, முழங்கைக்கு மேல்வரை உள்ளே கையை விட்டு எடுக்க வேண்டும். சினை முற்றிய மாட்டுக்கும் மெலிந்துபோன மாட்டுக்கும் அதையும் துணிந்து செய்ய முடியாது. வெளியே வருவது பார்க்க அருவருப்பாக இருக்கும். ஆனால் உற்றுப் பார்க்க வேண்டிய பொருள் அது. பால் பாக்கெட், வாழையிலை மாதிரி அச்சடித்த சாப்பாட்டுத் தாள், ரப்பர் பேண்டோடு சாம்பார்ப் பொட்டலம். அந்தக் குவியலில் திரும்பத் திரும்பக் கண்ணில் படுவது காதுகள் இரண்டையும் சேர்த்து இறுக முடிச்சுப் போட்ட கவர். முடிச்சு அப்படியே இருக்கும். வயிற்றின் அத்தனை நொதிப்பும் அதை அவிழ்க்கவில்லை.

அந்த முடிச்சைப் போட்டவர் கெட்டவர் இல்லை என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது.

நம் பக்கத்துக் குடித்தன வழக்கத்தை யோசித்துப் பாருங்கள். சோறு வீணாகக் கூடாது. மிஞ்சினால் வாயில்லா ஜீவனுக்கு. அரிசி கழுவிய தண்ணீர், வடித்த கஞ்சி, காய்கறித் தோல் எல்லாம் கழனித்தொட்டிக்கு. சாணி, சாம்பல், மாடு மிதித்துப் போட்ட ராகித்தாள், வாசல் கூட்டிய குப்பை எல்லாம் எருக்குழிக்கு. உழவுக்கு முன்னால் அந்த எரு வண்டியேறி வயலுக்குப் போகும். வீட்டைத் தாண்டிப் போட்ட எதுவும் மண்ணாகிவிடும், அல்லது மாட்டுக்குத் தீனியாகிவிடும். தலைமுறை தலைமுறையாகக் கை பழகிய பழக்கம் அது. தவறே இல்லாத பழக்கம். கைக்கு வந்த பொருள் மாறியது, கையின் பழக்கம் மாறவில்லை. இன்றைக்கும் பல எருக்குழிகளில் சாணியோடு ஷாம்பு கவரும் போய், வயலில் உழும்போது கலப்பையில் சுற்றிக்கொள்கிறது.

மாடே இல்லாத வீட்டிலும் அந்த அறம் மிச்சமிருக்கிறது. காலையில் மிஞ்சிய நாலு இட்லியைக் குப்பையில் கொட்ட மனம் வராது. கவரில் போட்டு, சிந்தாமல் இருக்க முடிச்சுப் போட்டு, தெருமுனையில் வைத்துவிடுவார்கள். "ஏதாவது மாடு தின்னும், புண்ணியமாப் போகும்." மாட்டுக்குக் கை இல்லை. இட்லி வாசனை வரும், உப்பும் புளிப்பும் இழுக்கும், கவரோடு விழுங்கும். தாது உப்புக் கலவை கிடைக்காத மாடு என்றால் இன்னும் மோசம், கண்டதையும் மெல்லும். கறவை மாட்டுக்கு அந்தக் கலவை தினம் 30 முதல் 50 கிராம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இதைப் பேச ஆரம்பித்தாலே "நம்ம ஜில்லாவுல படிப்பறிவு கம்மி சார், அதான்" என்பார்கள். 2011 கணக்கெடுப்பில் தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு சுமார் 68.5 சதவீதம், தமிழ்நாட்டிலேயே கடைசி இடம் என்பது உண்மை. ஆனால் அந்தக் காரணம் எனக்கு ஒட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி பால் கவரைக் கழுவி, கொடியில் காயவைத்து, அடுக்கி, பழைய பேப்பர்காரரிடம் போடுவார். சுற்றுச்சூழலுக்காக அல்ல, சிக்கனத்துக்காக. பட்டம் வாங்கிய மகன் குடியிருக்கும் புது லேஅவுட்டில் ஈரக்குப்பை, காய்ந்த குப்பை, குழந்தையின் டயப்பர் எல்லாம் ஒரே கருப்புக் கவரில் இறுக்கிக் கட்டப்பட்டுக் காலி மனையில் விழும். அங்கே படிப்பு கொடுத்தது அருவருப்பை மட்டும்தான்: குப்பை கையில் படக் கூடாது, கண்ணில் படக் கூடாது. சரி, பாட்டியையும் தெய்வமாக்க வேண்டாம். அதே பாட்டி விறகு பற்றவில்லை என்றால் ஒரு கவரை அடுப்பில் திணித்துத்தான் தீ மூட்டுவார். அந்தப் புகை முதலில் போவது அவருடைய நெஞ்சுக்குள். பி.வி.சி. கலந்த குப்பையை எரித்தால் டையாக்சின் என்ற நச்சு உண்டாகும். அது புல்லில் படிந்து, மாட்டின் கொழுப்பில் சேர்ந்து, பால் வழியாக வீட்டுக்கே திரும்பும்.

எழுத்தறிவு வேறு, ஒரு விஷயம் வீட்டுக்குள் இறங்குவது வேறு. தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதற்கு உதாரணம் வெளியே தேட வேண்டாம். நிலத்தடி நீரில் புளோரைடு கண்ணுக்குத் தெரியாது, நாக்குக்கும் தெரியாது. ஆனால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையாகவும் பெரியவர்களின் முட்டிவலியாகவும் தெரிந்தது. யாரும் பட்டம் வாங்காமலே "போர் தண்ணி பல்லைக் கெடுக்கும்" என்பது ஊர்ப்பேச்சானது. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தபோது அந்தத் தண்ணீர் எதற்காக என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தன் வீட்டில், தன் உடம்பில், தன் மாட்டில் பார்த்ததை ஜனங்கள் மறப்பதில்லை.

அதனால்தான் முகாம்களில் நான் நோட்டீஸ் படிப்பதை விட்டுவிட்டேன். வயிற்றிலிருந்து எடுத்த உருண்டையைக் கழுவிக் காயவைத்து ஒரு தட்டில் வைத்தால் போதும். யாராவது ஒரு அம்மா குச்சியால் புரட்டிப் பார்ப்பார். "இது நம்ம கடை கவர் ஆச்சே" என்பார். அங்கிருந்து பேச்சு தானாக நடக்கும். ஆனால் முகாமுக்கு வருவது பெரும்பாலும் ஆண்கள். வீட்டில் மிச்சச் சோற்றை எங்கே போடுவது என்று முடிவு செய்வது அவர்கள் அல்ல. பால் சொசைட்டியில் காலையில் பால் ஊற்ற வரும் பெண்களிடமும் மகளிர் குழுக் கூட்டத்திலும் பத்து நிமிடம் பேசுவது, மைக் கட்டிய விழாவைவிட மேல் என்பது என் அனுபவம்.

சட்டம் இல்லாமல் இல்லை. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் 14 வகை ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை. 2022 ஜூலை 1 முதல் மத்திய அரசின் தடையும் சேர்ந்தது. சோதனைக்கு ஆள் வரும் அன்று கவர் மறையும், மறுநாள் தலைகாட்டும். சந்தைக்குப் போகிறவர்களுக்குத் தெரியாதது அல்ல.

இதில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறது, அதைப் பேசாமல் பிரயோஜனமில்லை. போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குத் தாத்தா துணிப்பையோடுதான் போனார். பேரனுக்கு மஞ்சப்பை என்றால் பட்டிக்காடு. கையை வீசிக்கொண்டு போய்க் கவரில் வாங்கிவருவதுதான் நாகரிகம். 2021 டிசம்பர் 23-இல் அரசு தொடங்கிய 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் எத்தனை கவரைக் குறைத்தது என்று என்னால் அளக்க முடியாது. ஆனால் அந்தப் பையைத் தூக்கும் கூச்சத்தைக் கொஞ்சம் குறைத்தது. கல்யாணத் தாம்பூலத்தை மஞ்சப்பையில் போட்டுக் கொடுக்கும் வீடுகளைப் பார்க்கும்போது அது புரிகிறது.

கௌரவத்தின் இன்னொரு முகம் அவ்வளவு நல்லதல்ல. நம் வீட்டுக் குப்பையைக் கிளற வேறொருத்தர் இருக்கிறார் என்ற நினைப்பு. ஊராட்சியில் தள்ளுவண்டியோடு வரும் தூய்மைக் காவலர் அக்கா, எச்சில் சோற்றிலிருந்து பிளாஸ்டிக்கைக் கையால் பிரிக்கட்டும் என்று எதிர்பார்ப்பதற்குப் பெயர் அறியாமை இல்லை. காலங்காலமாக யார் குனிய வேண்டும் என்று நாம் வகுத்துவைத்ததன் மிச்சம் அது. வீட்டிலேயே ஈரம் வேறு, உலர்ந்தது வேறு, அபாயகரமானது வேறு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும் என 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே சொல்லிவிட்டன. என் கண்ணுக்குப் பட்டவரை, அந்த அக்காவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் கொடுத்து, குப்பையை நேரில் கையில் கொடுக்கும் தெருக்களில் பிரித்தல் நடக்கிறது. விடிவதற்கு முன் மூலையில் வீசும் தெருக்களில் நடப்பதில்லை.

வீட்டில் செய்ய வேண்டியது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. மாட்டுக்குக் கொடுக்க நினைத்தால் சோற்றைத் தொட்டியிலோ, கல்லின் மேலோ, இலையிலோ கொட்டுங்கள். கவரை வீட்டுக்கே எடுத்துவாருங்கள். நிறையச் சோற்றை ஒரேயடியாகக் கொட்டவும் வேண்டாம், அதிலும் வயிறு புளித்து மாடு சாகும். சமையலறைக்கு வெளியே ஒரு ஆணியில் பழைய சிமெண்ட் சாக்கையோ அரிசிச் சாக்கையோ மாட்டிவையுங்கள். கழுவி உதறிய கவர்கள் அதில் போகட்டும். எச்சில் ஒட்டாத கவர் நாறாது. சாக்கு நிறைய வாரக்கணக்கில் ஆகும். பழைய சாமான்காரரும் முகம் சுளிக்காமல் எடுப்பார். சாணி அள்ளிக் குழியில் போடும்போது கண்ணில் படும் கவரை அங்கேயே பொறுக்கிவிடுங்கள், அது ஒருபோதும் எருவாகாது. தக்காளி போடுகிறவர்கள் அறுவடை முடிந்ததும் நிலப்போர்வைத் தாளை (செடியைச் சுற்றி மண்ணை மூடும் பிளாஸ்டிக் விரிப்பு) வரப்பில் சுருட்டி எறிந்துவிடுகிறார்கள். மழைக்குப் பிறகு அதன் மேல் புல் முளைக்கும். புல்லோடு தாளும் மாட்டின் வாய்க்குள் போகும். பூச்சிமருந்து பாட்டிலைச் சொல்லவே வேண்டாம்.

ஷாம்பு, குழம்புப்பொடி, சிப்ஸ் வரும் பளபளப்பான பாக்கெட்டுக்கு மட்டும் வீட்டில் வழி இல்லை. பல அடுக்குகளை ஒட்டிச் செய்தது அது. பழைய சாமான்காரர் எடுக்க மாட்டார். விற்கிற கம்பெனியே திரும்பப் பெறப் பொறுப்பு என்று மத்திய அரசு 2022-இல் விரிவான விதி போட்டிருக்கிறது. அதை நம் ஊர்வரை இழுத்து வருவது தனி மனிதரால் ஆகாது, ஊராட்சிதான் கேட்க வேண்டும். ஆண்டுக்கு ஆறு கிராம சபை இருக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. காய்ந்த குப்பையை எந்தக் கிழமை எடுப்பீர்கள், எடுத்தது எங்கே போகிறது, மண்டபத்துச் சாப்பாட்டு மிச்சத்துக்கும் மாரியம்மன் திருவிழா அன்னதானத் தட்டுக்கும் யார் பொறுப்பு என்று இந்த மூன்றை மட்டும் கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பால் ஊற்றும் பெண்கள் நாலு பேரைக் கூட அழைத்துப் போனால் கேள்வி இன்னும் தெளிவாக வரும்.